ஒரு கிராபிக்ஸ் கார்டும் அம்மாவின் நரைமுடியும்

2010இல் நடந்த அக்காவின் கல்யாண வீடியோவில் அம்மாவின் தலையில் ஒரு நரை கிடையாது. கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை, கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம், கையில் ஆரத்தித் தட்டு. வீடியோக்காரர் எதற்காகவோ அம்மாவின் பின்னந்தலையிலேயே நாலைந்து விநாடி கமெராவை நிறுத்தி வைத்திருப்பார். அந்த நாலைந்து விநாடிதான் அம்மாவுக்குப் பிடித்த இடம். மாதத்தில் ஒரு தடவையாவது பின்னேரத் தேநீரோடு வந்து, என் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார்.

நான் கிராபிக்ஸ் கார்டு, அதாவது கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் அட்டை, மாற்றிய அன்றும் வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, என்ர தலை ஏன்டா இப்பிடி நரைச்சுக் கிடக்கு?"

நான் காதில் வாங்கவில்லை. அந்த நேரம் எனக்கு வேறு தலையிடிகள் இருந்தன. ஆனால் அடுத்த நாலு நாளில் நான் கண்டுபிடித்த பழுதுகளுக்குள் உருப்படியான முதல் துப்பு அம்மா சொன்ன அந்த வார்த்தைதான்.

என் கணினி கிழடு. இன்டெல் ஐ5 4570, 2013இல் வந்த நாலாம் தலைமுறைப் புரொசசர். 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதில் ஏஎம்டியின் ஆர்7 240 என்ற சின்னக் கார்டு ஒன்று பத்து வருடமாக எந்தக் குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டி வந்ததற்கு அக்காதான் காரணம். கனடாவிலிருந்து மகனின் பிறந்தநாள், பள்ளிக்கூட விழா என்று ஐபோனில் எடுத்து 4கே என்ற மிகக் கூர்மையான தரத்தில் அனுப்புவார். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்.265 என்ற வடிவில் வீடியோவைச் சுருக்கி வைக்கின்றன. அதை விரிக்க ஆர்7 240க்குத் தெரியாது. வேலை முழுக்க புரொசசரின் தலையில் விழும். மருமகன் மெழுகுதிரியை ஊத வாய் குவித்தபடியே நிற்பான், சத்தத்தில் மட்டும் எல்லோரும் கைதட்டி முடித்திருப்பார்கள். (விளையாட்டுகளும் ஒன்றிரண்டு மனதில் இருந்தன. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.)

கொழும்பில் வேலை செய்யும் மச்சான் பாவித்த ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைப் பார்த்து வைத்தான். 38,000 ரூபாய். என்விடியாவின் கார்டு, 2019 ஏப்ரலில் வெளிவந்த வகை. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் தனியாக மின்வயர் தேவைப்படாத மாதிரி என்பது. தாய்ப்பலகையின் துளையே 75 வாட் கொடுக்கும், இந்தக் கார்டுக்கு அது போதும். என் பழைய பவர் சப்ளையில் கார்டுக்கென்று ஒரு வயர்கூட இல்லை. விற்ற கடைக்காரர் மச்சானிடம் சொல்லி விட்டிருந்தார்: "இதில ஓடாத வீடியோ எண்டு ஒண்டும் இல்லை." இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இரவு பஸ்ஸில், துவாய்க்குள் சுற்றி வந்து சேர்ந்தது. கார்டை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை வாசற்படியில் வைத்தேன். திருகோணமலை ஆட்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நான் ஸ்க்ரூட்ரைவர் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று பெட்டியின் ஒரு மூலையைச் சப்பி முடித்திருந்தது.

எங்கள் வீடு டைக் வீதியில். யன்னலைத் திறந்தால் கடல். பார்க்க வருகிறவர்கள் பொறாமைப்படுவார்கள், ஆனால் உப்புக் காற்றில் இங்கே எதுவும் உருப்படாது. கதவுப் பிணைச்சல், ஃபேன் கூண்டு, சைக்கிள் செயின் எல்லாம் துருதான். கணினியைத் திறந்தபோது உள்ளே பழைய கார்டைப் பிடித்திருந்த ஆணியும் மண்ணிறமாகிக் கிடந்தது. அந்தக் கார்டின் பொன்நிறக் கால்களிலும் ஒரு மங்கல். வந்த கார்டும் கொழும்புக் காற்றில் இருந்ததுதானே என்று அதன் கால்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூசு தட்டி, துளையில் சொருகினேன். இந்த அழிறப்பர் வைத்தியம் ராமுக்கும் நடக்கும். எங்கள் ஊரில் கணினி திருத்துகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள்.

அப்புறம்தான் மொனிட்டர் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு முழித்தேன். பழைய கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தது. புதியதில் இல்லை. எச்டிஎம்ஐ உண்டு, டிஸ்ப்ளேபோர்ட் உண்டு, டிவிஐ உண்டு. டிவிஐயைப் பார்த்ததும் ஒரு சின்ன மாற்றி வாங்கிப் போடலாம் என்று தோன்றும். இது டிவிஐ-டி, எண்முறை சமிக்ஞை மட்டும் வருவது. சும்மா மாற்றி எதுவும் இதில் எடுபடாது. நல்லகாலம் என் 22 அங்குல மொனிட்டருக்குப் பின்னால் ஒரு எச்டிஎம்ஐ துளை வாங்கிய நாளிலிருந்து சும்மா கிடந்தது. மத்திய வீதியில் போய் ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கி வந்து மாட்டினேன். கணினி எழும்பியது. படம் வந்தது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் சத்தம் வரவில்லை. இது சின்ன விஷயம், ஆனால் பலபேர் இதற்காகவே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எச்டிஎம்ஐ வயர் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். அதனால் புதிய கார்டோடு ஒரு புதிய ஒலிச் சாதனமும் விண்டோஸுக்குத் தெரியவருகிறது. அது உடனே மொனிட்டரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும். என் மொனிட்டருக்கு ஸ்பீக்கர் இல்லை. ஒலி அங்கே போய் மௌனமாகிவிடும். கீழ்மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்திப் பழைய பச்சைப் பிளக் ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் சரி. செய்தேன், சரி.

பிறகு அக்காவின் வீடியோ ஒன்றை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டேன். திரை முழுக்கப் பச்சை. வாழை இலையை விரித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தது போல. அதற்குள் எங்கோ மருமகன் "அம்மம்மா" என்று கூப்பிடுகிறான். வேறு வீடியோ, அதுவும் பச்சை. கல்யாண டிவிடியிலிருந்து பிரதி எடுத்து வைத்த கோப்பு, அது பாதி பச்சை பாதி கறுப்பு.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய ஒரே சோதனை எது என்று இப்போது தெரிகிறது. விஎல்சியின் அமைப்புகளில், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில், வீடியோவை விரிக்கும் வேலையைக் கார்டிடம் கொடுப்பதா என்று ஒரு கேள்வி இருக்கும். 2018 பெப்ரவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது தானாகவே கார்டிடம்தான் கொடுக்கிறது. அதை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகு ஒழுங்காக ஓடினால் கோப்பில் பிழையில்லை, விஎல்சியிலும் பெரும்பாலும் பிழையில்லை, கார்டிலோ, அதை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளிலோதான் கோளாறு. என்னிடம் ஓடியது. பச்சை போய்விட்டது. புரொசசர் மூச்சு வாங்கினாலும் படம் படமாக வந்தது. அம்மா உட்கார்ந்து பார்த்து "நரைச்சுக் கிடக்கு" என்று சொன்னது இந்தக் கட்டத்தில்தான்.

அங்கேயே நின்று யோசித்திருந்தால் நாலு நாள் ஒரு நாளாகியிருக்கும். நான் நிற்கவில்லை. அன்றிரவு இணையத்தில் யார் யாரோ எழுதியதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன். விஎல்சியை அகற்றி மறுபடி போட்டேன். அகற்றும்போது "பழைய விருப்பங்களையும் அழிக்கவா" என்று அது கேட்டது. அழி என்றேன். யூடியூப்பும் கொஞ்சம் திக்குவது போல இருந்ததால் குரோமை மீட்டமைத்தேன். இந்த இரண்டு அவசரத்தாலும் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன். பச்சை மட்டும் போகவே இல்லை. வேலையைக் கார்டிடம் திருப்பிக் கொடுத்ததும் வாழை இலை திரும்ப விரிந்தது.

காரணம் டிரைவர்தான். பத்து வருடம் ஏஎம்டி டிரைவர் இருந்த வீட்டில் அதை வெளியேற்றாமலே என்விடியாவைக் குடிவைத்திருந்தேன். அது போதாதென்று, நான் டிரைவரைத் தரவிறக்கி நிறுவிக்கொண்டிருந்த அதே நேரத்தில் விண்டோஸும் தன்பாட்டில் இணையத்திலிருந்து ஒரு பழைய என்விடியா டிரைவரைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. ஒரே அடுப்பில் இரண்டு பேர் உலை வைத்தால் சோறு எப்படி வேகும்?

இதற்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சுருக்கமாக டிடியு. வேலை எளிது, ஒழுங்கு முக்கியம். முதலில் புதிய டிரைவரைத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 600 எம்பிக்கு மேல் இருக்கும், இரவு டேட்டாவில் எடுத்தேன். அப்புறம் இணையத்தைத் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் மறுபடி முந்திக்கொள்ளும். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும்பும் நிலை) கணினியை எழுப்பி, டிடியுவை ஓடவிட்டு முதலில் ஏஎம்டியின் மிச்சங்களையும் பிறகு என்விடியாவின் அரைகுறையையும் துடைத்து, வழமைபோல எழுப்பிப் புதிய டிரைவரை நிறுவி, கடைசியாக இணையத்தைக் கொடுத்தேன். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று மட்டும் கும்பிட்டுக்கொண்டேன். என்னிடம் யுபிஎஸ் இல்லை.

பச்சை போயிற்று. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் "வீடியோ டீகோட்" என்ற வரைபடத்தைப் பார்த்தேன். வீடியோ ஓட ஓட அந்தக் கோடு எழும்பி நின்றது. புரொசசர் 5 சதவீதத்தில் சும்மா இருந்தது. மருமகன் மெழுகுதிரியை ஊதினான், அணைந்தது, பிறகுதான் கைதட்டினார்கள். 38,000 ரூபாய்க்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அது.

அடுத்தது யூடியூப். குரோமை மீட்டமைத்ததிலிருந்து, 1440பி 60 (1440 வரி, விநாடிக்கு 60 படம்) என்று போட்டால் படம் விக்கி விக்கி ஓடியது. பழைய கார்டில் இப்படி இல்லை. புதிய, பெரிய கார்டில் விக்குகிறது என்றால் யாருக்கும் கார்டில்தான் சந்தேகம் வரும். ஒருவேளை மச்சானை ஏமாற்றிவிட்டார்களோ என்றுகூட யோசித்தேன். ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தபோது, தாய்ப்பலகையோடு 16 தடங்களில் பேச வேண்டிய கார்டு 4 தடத்தில் பேசிக்கொண்டிருந்தது. அடடா இதுதான் என்று மறுபடி கழற்றி, இந்த முறை துளைக்குள்ளும் தூசு ஊதி, இறுக்கிச் சொருகியதில் 16 ஆனது. யூடியூப் அப்படியேதான் விக்கியது. வீடியோ பார்க்க 4 தடமே தாராளம். உப்புக் காற்றின் மேல் பழியைப் போட எனக்கு எப்போதும் ஆசைதான், இந்த முறை அது ஒத்துழைக்கவில்லை.

ஒரு கிராபிக்ஸ் கார்டை ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு எத்தனை பேர் என்பதைத்தான் கடைக்காரர்கள் சொல்லி விற்பார்கள். பழைய ஆர்7 240இல் 320 பேர். ஜிடிஎக்ஸ் 1650இல் 896 பேர். விளையாட்டுகளை வரைவது இவர்களுடைய வேலை. ஆனால் சுருக்கிய வீடியோவை விரிப்பது இவர்களிடம் இல்லை. அதற்கென்று சில்லின் ஒரு மூலையில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கல்யாண வீட்டில் வெற்றிலை மடிக்கிறவர் மாதிரி. சமையலுக்கு இன்னும் நூறு பேரைப் பிடித்துப் போட்டாலும் வெற்றிலை வேகமாக மடிபடாது. அவருக்கு எந்தெந்த மடிப்புத் தெரியுமோ அவ்வளவுதான். என்விடியா இந்தப் பகுதியை என்விடெக் என்கிறது, ஏஎம்டி முன்பு யுவிடி என்றும் பிறகு விசிஎன் என்றும் பெயர் வைத்தது, இன்டெலில் அது குவிக் சிங்க்.

ஜிடிஎக்ஸ் 1650இல் இருக்கிறவருக்கு எச்.264 தெரியும், எச்.265 தெரியும், கூகுளின் விபி9 தெரியும். ஏவி1 என்ற புதிய வடிவம் தெரியாது. 2018இல் வெளியான ஏவி1ஐ விரிக்கக்கூடிய என்விடியா கார்டுகள் 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான் தொடங்குகின்றன. யூடியூப்போ இப்போது ஏவி1இல் நிறைய அனுப்புகிறது, அதே தரத்துக்கு டேட்டா குறைவாகப் போகும் என்பதால். கார்டுக்குத் தெரியாததைப் புரொசசர் செய்ய வேண்டும். 2013ஆம் ஆண்டுப் புரொசசர், 1440பி, விநாடிக்கு 60 படம். விக்காமல் என்ன செய்யும்?

சரி, பழைய கார்டில் ஏன் விக்கவில்லை? ஓடுகிற வீடியோவின் மேல் வலது சொடுக்கி "ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்" என்பதைத் திறந்து பார்த்தேன். எந்த வடிவில் சுருக்கியது என்று சொல்லும் கோடெக் என்ற வரியில் ஏவி01 என்று தொடங்கி இருந்தது. தவறிய படங்களின் எண்ணிக்கை கண்ணுக்கு முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எத்தனையோ வருடங்களுக்கு முன் நானே குரோமில் ஒரு நீட்சியைப் (எக்ஸ்டென்ஷன்) போட்டிருந்தேன், யூடியூப்பை எச்.264 மட்டும் அனுப்பச் சொல்லும் நீட்சி. எச்.264இல் யூடியூப் 1080பிக்கு மேல் கொடுப்பதில்லை. அதனால்தான் பழைய கணினியில் 1440பி என்ற தெரிவே எனக்கு வந்ததில்லை. குரோமை மீட்டமைத்தபோது நீட்சிகளெல்லாம் முடங்கிவிட்டன. நானே கட்டிய அணையை நானே உடைத்துவிட்டு, வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று தேடியிருக்கிறேன்.

இப்போது என்ஹான்ஸ்ட்-எச்264ஃபை என்ற நீட்சியைப் போட்டு, அதில் ஏவி1ஐ மட்டும் தடுத்திருக்கிறேன். விபி9 வருகிறது, கார்டு விரிக்கிறது, 4கே கூட வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. "ஓடாத வீடியோ எண்டு ஒண்டும் இல்லை" என்ற கடைக்காரர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை. அவர் சமையல்காரர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பாவித்த கார்டு வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஜிபி, எத்தனை கோர் என்று கேட்பதோடு அது என்னென்ன வடிவங்களை விரிக்கும் என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புதிதாக வந்தது என்பதும் உத்தரவாதமில்லை. 2022இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400க்கும் ஏவி1 தெரியாது.

இவ்வளவும் முடிந்து நாலாம் நாள் பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாம் சரி, வந்து பாருங்கோ என்றேன். அம்மா வந்தார், கண்ணாடியைப் போட்டார், பின்னந்தலை வரும் இடம் வரைக்கும் பேசாமல் இருந்தார்.

"இன்னும் நரைதானே."

இந்த முறை நானும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். உண்மைதான். கொண்டை சாம்பல் பூசியது போல இருந்தது. கொண்டை மட்டுமில்லை. மாப்பிள்ளையின் கோட்டு, நாதஸ்வரத்தின் குழல், மணவறைக்குப் பின்னாலிருந்த இருட்டு, எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய வெளிறல். கறுப்பு என்று ஒன்று அந்தப் படத்தில் எங்குமே இல்லை. வீடியோவை நிறுத்திவிட்டு வெறும் கறுப்புப் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டு, அறை விளக்கை அணைத்தேன். திரை கறுக்கவில்லை, மழைக்கு முந்திய கடல் நிறத்தில் நின்றது. அப்படியென்றால் கோளாறு வீடியோவில் இல்லை. கணினி முழுவதுமே நாலு நாளாகச் சாம்பலாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் மொனிட்டருக்கு வயதாகிவிட்டது என்று விட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். கணினிக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. தொலைக்காட்சி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. விஜிஏ வயரில் இந்தக் குழப்பமே கிடையாது. எச்டிஎம்ஐயில் பிடித்ததும் கார்டு என் மொனிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்துக் கறுப்பை 16 ஆக அனுப்பியிருக்கிறது. மொனிட்டரோ 0 வந்தால்தான் கறுப்பு என்று இருக்கிறது. 16ஐக் கண்டால் அதற்கு அது கடும் சாம்பல். இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. நடுவில் அம்மாவின் முடி நரைத்துவிட்டது.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் திரையின் அளவை மாற்றும் பக்கத்தில் கீழே "அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் லிமிட்டெட் என்று கிடந்ததை ஃபுல் ஆக்கினேன். சொடுக்கிய கணத்தில் திரை ஆழமாகியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டது போல இருந்தது. அம்மா "ஆ" என்றார். ஆனால் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டால் கொண்டை இன்னும் கொஞ்சம் சாம்பல். வீடியோவுக்கென்று இரண்டாவதாக ஒரு பெட்டி வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. வீடியோ நிறங்களைச் சரிசெய்யும் பக்கத்துக்குப் போய், பிளேயரின் அமைப்பை விட்டுவிட்டு என்விடியாவின் அமைப்பு என்று தெரிவு செய்து, அட்வான்ஸ்டு பகுதியில் 0 முதல் 255 வரை என்பதைப் போட வேண்டும். போட்டேன். 2010 திரும்பி வந்தது.

அத்தோடு முடிந்ததென்று எழும்பப் போனேன். அம்மா விடவில்லை, தொடர்ந்து பார்த்தார். நானும் நின்றுகொண்டே பார்த்தேன். அறுகரிசி போடும் இடம் வந்தது. பெரியவர்கள் வரிசையாக வந்து மணமக்களின் தலையிலும் தோளிலும் போடுகிறார்கள். கை அசையும்போதெல்லாம் கையின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்தது. சித்தப்பாவின் முழங்கையில் கிடையாகக் கோடு கோடாக ஒரு கிழிசல். கூறைச் சேலையின் சரிகைக் கரை, அக்கா அசைந்தால் கலைந்து, நின்றால் கூடியது.

இது நான் விஎல்சியின் விருப்பங்களை அழித்ததற்குக் கிடைத்த தண்டனை. அந்தக் காலத்துக் கல்யாண டிவிடிகள் எங்கள் நாட்டில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுக்கப்பட்டவை. 576 வரி, விநாடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படம். ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகளை விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் கமெரா பதியும். பழைய பெட்டித் தொலைக்காட்சி அதே ஒழுங்கில் ஒன்றுவிட்டு ஒன்று கீறிக் காட்டியதால் எதுவும் தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் நகர்ந்த கை, பாதி வரிகளில் இங்கேயும் பாதி வரிகளில் அங்கேயும் இருக்கும். அதுதான் சீப்பு. விஎல்சியில் வீடியோ பட்டியலுக்குள் டீஇன்டர்லேஸ் என்பதை "ஆன்" ஆக்கினால் அது இரண்டையும் பிரித்து மெழுகிவிடும். "ஆட்டோ" பெரும்பாலும் வேலை செய்யும், என் பிரதிக் கோப்புகளில் செய்வதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள் "ஆன்" என்று போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். யடிஃப் 2எக்ஸ் என்ற முறையைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப் படமாகி விநாடிக்கு 50 கிடைக்கும். அசைவு அழகாக இருக்கும்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நாலு நாளில் என் கண் கெட்டுப்போயிருந்தது. வீடியோக்காரர் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கமெராவைத் திருப்பும் இடத்தில், கதிரைகள் வழுக்காமல் சின்னச் சின்னதாகத் துள்ளின. மொனிட்டர் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது, வீடியோ 50 படம் கொடுக்கிறது. ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு தடவை நிற்க வேண்டும். விநாடிக்குப் பத்துத் துள்ளல். இதற்கும் கார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பழைய கார்டிலும் இருந்திருக்க வேண்டும். நான் ஒருநாளும் கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

50 என்ற இந்தக் கணக்கு எங்கள் சுவர்ப் பிளக்கிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று. தொலைக்காட்சி முறைகள் உருவான காலத்தில் படத்தின் வேகத்தை மின்சாரத்தின் துடிப்போடு ஒட்டி வைத்தார்கள். 60 சுற்று ஓடும் அமெரிக்காவில் 60 அரைப்படம், 50 ஓடும் நாடுகளில் 50. கணினி மொனிட்டர்களோ எங்கே விற்றாலும் பெரும்பாலும் 60. அதனால் எங்கள் ஊர்க் கல்யாணங்கள் அமெரிக்கத் துடிப்புள்ள திரையில் ஓடுகின்றன. விண்டோஸில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் பார்த்தேன். பட்டியலில் 50 இருந்தது. போட்டதும் மண்டபம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணெய் விட்டதுபோல் திரும்பியது. மற்ற வேலைகளுக்கு 50இல் சுட்டி கொஞ்சம் பாரமாக அசைகிறது, அதனால் அம்மா உட்கார்ந்தால் 50, எழும்பினால் 60 என்று வைத்திருக்கிறேன்.

மச்சான் போன் எடுத்து, கார்டு எப்படி என்று கேட்டான். நல்ல கார்டு என்றேன். அப்போ நாலு நாளா என்ன செய்தனீ என்றான். எண்ணிப் பார்த்தேன். நான் மாற்றியது கார்டு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயர் மாறியது. டிரைவர் மாறியது. விஎல்சியின் விருப்பங்களும் குரோமின் நீட்சியும் என் கையாலேயே போயின. சத்தமும் நரையும் வயரால் வந்தவை. பச்சை டிரைவரால். விக்கலும் சீப்பும் என்னால். துள்ளல் 2010இலிருந்தே இருந்தது. கார்டின் கணக்கில் எழுத, ஏவி1 தெரியாது என்ற ஒரு வரிதான் மிஞ்சியது. "ஒண்டும் செய்யேல்லை, சும்மா பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றேன்.

போன கிழமை என்விடியா புதிய டிரைவர் ஒன்று வந்திருப்பதாகக் காட்டியது. நிறுவும்போது, பழைய அமைப்புகளையும் துடைத்துவிடும் "கிளீன் இன்ஸ்டலேஷன்" என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, யன்னல் பக்கம் போய்க் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னேரம் அம்மா தேநீரோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு, தானே சுட்டியைப் பிடித்து வீடியோவைத் தொடங்கியிருக்கிறார். குசினிக்குள் நின்ற எனக்குக் குரல் கேட்டது.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா. திரும்பவும் நரைச்சிட்டுது."